உடம்பு தேறிய கவலை

விடிந்தும் விடியாத நேரத்தில், தூக்கக் கலக்கத்தில், அவள் கையை நீட்டிக் கணவரின் போர்வையைத் தன் பக்கம் இழுத்தாள். நடந்தது அவ்வளவுதான். அதற்கே அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன, குளுருதா உனக்கு?"

"ம். ஏ.சி.யை நிறுத்துங்களேன்."

"குளுருதுன்னா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

அவர் ஏ.சி. மெக்கானிக். கண்டவர் வீட்டையும் கடையையும் குளிரவைக்கிற மனிதரால் கட்டிய பெண்டாட்டியைக் குளிரவைக்க முடியவில்லையே என்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. ஒன்றரை வருடமாக அந்தப் படுக்கையறை ஐஸ்பெட்டி மாதிரிதான் இருந்தது. அவர் ஸ்வெட்டரும் காலுறையும் காதை மூடிய குல்லாயுமாக மலையேறப் போகிறவர் போலப் படுத்திருப்பார். பக்கத்தில் அவள், உச்சந்தலையிலிருந்து குப்பென்று கிளம்பும் அனலில் வியர்த்து வழிந்து, தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவளே போர்வையை இழுக்கிறாள். அவர் ஏ.சி.யை அணைத்துவிட்டு, குல்லாயைக் கழற்றி ஒரு மூலையில் வீசினார். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

அந்த அனலுக்குக் காரணம் ஒரு மாத்திரை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இடது மார்பில் புற்றுக்கட்டி வந்தது. மார்பை எடுத்தார்கள், அப்புறம் கீமோ. பெண்களுக்கு உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனையே தீனியாகத் தின்று வளர்கிற ஜாதிக் கட்டி அது. அதனால் அந்தச் சுரப்பை மட்டுப்படுத்த வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். முதலில் கொடுத்தது ஒத்துக்கொள்ளவில்லை. காலில் ரத்தம் கட்டிக்கொண்டு, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, உயிர் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதை நிறுத்திவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

இந்த இரண்டாவது மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. சினைப்பை அடங்கிப்போன பெண்களுக்குத்தான் அது வேலை செய்யும். சினைப்பை விழித்திருந்தால், அதை விழுங்குவதும் பச்சைத் தண்ணீரைக் குடிப்பதும் ஒன்றுதான். மற்றப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதா இல்லையா என்பதைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். அவளுக்கு அதற்கும் வழியில்லை. நாற்பது வயதிலேயே சாதாரணக் கட்டிகள் வந்து கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. சினைப்பைகளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதனால் டாக்டர் ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, கீமோவில் அவை அடங்கிவிட்டன என்று தெரிந்த பிறகே மாத்திரையைத் தொடங்கினார். தொடங்கும்போது சொல்லியும் அனுப்பினார்.

"கீமோவுல தூங்கிப்போனது சில பேருக்குத் திரும்ப முழிச்சுக்கும். மத்தவங்களுக்கு ரத்தப்போக்கு வந்து காட்டிக்கொடுத்துடும். உங்களுக்குக் காட்டிக்கொடுக்க ஆள் இல்ல. அதனால ரத்தப் பரிசோதனைக்குத் தவறாம வாங்க. நடுவுல இந்த அனல் திடீர்னு நின்னு, உடம்பு திடீர்னு நல்லாயிட்டா, அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே வாங்க."

உடம்பு நன்றாகிவிட்டால் டாக்டரிடம் ஓடச் சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் அன்றைக்கு அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

போர்வையை இழுத்த காலையில் அந்தப் பேச்சு நினைவுக்கு வரவில்லை. வந்தது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். வந்ததும், 'ஒரு நாள் ரெண்டு நாள் இப்படித்தான் இருக்கும்' என்று அதைத் தள்ளிவிட்டாள்.

ஆனால் நாட்கள் போகப் போக உடம்பு தேறிக்கொண்டே வந்தது. காலையில் விரல்கள் மடங்காமல் மரக்குச்சி மாதிரி விறைத்திருக்குமே, அது போயிற்று. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைத் தயங்காமல் மிதிப்பதால் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக்கக்கா. வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு, முட்டி சொல்பேச்சுக் கேட்கும்வரை நிற்பது வழக்கம். இப்போது குதித்து இறங்கினாள். படுத்தால் தூக்கம் அடித்துப்போட்ட மாதிரி வந்தது. எதைத் தின்றாலும் ருசித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் வெளியூரில் படிக்கப் போயிருந்த வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டுக் கணவரின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளாக வந்தது அதுதான் முதல் தடவை. அவர் முதலில் பயந்தார். எங்கே கை வைத்தால் வலிக்குமோ என்று கேட்டுக் கேட்டு அவளைச் சிரிக்கவைத்தார். அதன்பிறகு வேலைக்குக் கிளம்பும்போது விசிலடிக்க ஆரம்பித்தார். காதுகொடுத்துக் கேட்க முடியாத விசில். அவள் ஒரு நாளும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை எடுத்துப் பார்க்காமல் இருந்தாள். மறுபடி பெண்ணாக ஆன மாதிரி இருந்தது. அதைத் தானே கொண்டுபோய் டாக்டர் கையில் எப்படிக் கொடுப்பது?

அவளிடம் அப்போது வண்டி பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். வாய் ஓயாத பெண். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் மட்டும் மௌனவிரதம் பூண்டுவிடுவாள். ஒரு நாள் பிரதான சாலையில் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"ரோட்டைப் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க."

"நான் வந்த புதுசுல உங்க தோலு காஞ்ச காகிதம் மாதிரி இருந்துச்சு. இப்பப் பாருங்க, எண்ணெய் தடவுன மாதிரி பளபளங்குது. என்ன க்ரீம் போடுறீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க, கடையில யாருக்கும் சொல்லமாட்டேன்."

"ஒண்ணும் போடல."

"பொய். தாடையில பரு வேற! நாப்பத்தேழு வயசுல பரு! நான் தினமும் பாக்குற மூஞ்சிங்கக்கா, எனக்குத் தெரியாதா? வயசுக்கு வந்த பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க போங்க."

வண்டி நட்டநடு ரோட்டில் கிறீச்சிட்டு நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"ஏன்க்கா பிரேக் போட்டீங்க? முன்னாடி யாருமே இல்லையே!"

அவள் தாடையைத் தடவிப் பார்த்தாள். சின்னதாக, அழுத்தினால் வலிக்கிற பரு.

அன்று மாலை அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா ஐந்து வயது மூத்தவள்.

"அக்கா, உனக்கு எல்லாம் நின்னுபோச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அது என்ன சொல்லிட்டா போகும்? ஒரு மாசம் வந்துச்சு, மூணு மாசம் வரல. ஒழிஞ்சுதுடா சாமின்னு நினைச்சேன், வந்து நின்னுச்சு. அப்புறம் ஒரு நாள் நினைச்சுப் பாத்தா ஒரு வருஷம் முழுசா ஓடிப்போச்சு. அப்பத்தான் டாக்டரே இனிமே இல்லைன்னாங்க. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற குரலா இது? உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? நல்லா இருக்குன்னு யாராவது அழுவாங்களா?"

அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது அக்கா சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அதற்கடுத்த வாரம் வலது மார்பு கனத்தது. மிச்சமிருக்கும் அந்த ஒன்று. சீட்பெல்ட் பட்டாலே வலித்தது. முதலில் வேறு பயம் வந்து, குளியலறையில் நின்று விரல்களால் தடவித் தடவிக் கட்டி தேடினாள். கட்டி இல்லை. அப்புறம் அந்த வலியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பதின்மூன்று வயதிலிருந்து பழகிய வலி. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வரும் அதே கனம்.

இனிமேல் தெரியாதது போல் இருக்க முடியவில்லை. இருந்தாலும் கால் போகவில்லை. ஒரு நாள் பாடம் முடிந்ததும் பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனாள். வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள். மறுநாளும் போனாள். இடம் தாராளமாக இருந்தது. நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மறுபடி போட்டு, திரும்பிவிட்டாள். வழியில் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போனாள். இத்தனை வருடத் தொழிலில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தாள். மாத்திரை வேலை செய்யாத ஒவ்வொரு நாளும் உள்ளே எங்கேயாவது ஒரு பொட்டு அந்தத் தீனியைத் தின்றுகொண்டிருந்தால்?

வீட்டுக்கு வந்தபோது கணவர் கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, யாருடைய டேபிள் ஃபேனையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். விசில்.

"கொஞ்சம் நிறுத்துங்க."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"விசிலைச் சொல்லல. உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன்."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் அன்று சொன்னதை, அனல் நின்றதை, பருவை, மார்பு வலியை. அவர் கையில் ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சந்தேகம் முதல்லயே வந்துச்சு."

"முதல்லயேன்னா? அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியா?"

அவள் தலையாட்டினாள். அவர் ஃபேனின் இறக்கையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த இறக்கை.

"நான் என்னமோ உனக்கு உடம்பு நல்லாயிடுச்சுன்னு முட்டாள் மாதிரி விசிலடிச்சுக்கிட்டுத் திரியறேன். நீ உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே என் பக்கத்துல படுத்திருக்க."

"பயந்துக்கிட்டு இல்ல. அதான் வினையே. சந்தோஷமா இருந்துச்சு. சொன்னா எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களேன்னுதான் சொல்லல."

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. கடைசியில் அவர் திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு எழுந்தார்.

"நாளைக்குக் காலையில போறோம். நான்தான் ஓட்டுவேன். நீ ரோட்டைப் பாக்குற நிலைமையில இல்ல."

டாக்டர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க டாக்டர்."

"சரி. திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீங்க முதல் ஆளும் இல்ல. நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டு யாருக்குத்தான் இங்க வரத் தோணும்? கையை நீட்டுங்க."

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். மாலையில் வந்த முடிவு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூளையிலிருந்து சினைப்பையைத் தட்டியெழுப்பும் சுரப்பு முன்னைவிடக் குறைந்திருந்தது; சினைப்பை விழித்துக்கொண்டால்தான் அது அப்படிக் குறையும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் அளவு சொல்லும்படி ஏறவில்லை.

"அப்படின்னா முழிச்சிருக்கா, தூங்குதா?" என்று கணவர் கேட்டார்.

"இங்க இருக்குற மெஷின் மூட்டை நிறுக்குற தராசு மாதிரி. அதுல மூக்குத்தியை வெச்சா முள் அசையாது. இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மூக்குத்தி எடைதான் கணக்கு. நுணுக்கமா அளக்குற லேப் வேற இருக்கு, அங்க அனுப்புறேன். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா?"

"சில பேருக்கு ஒரு தடவை பாத்தாலும் போதாது. இன்னைக்கு அடங்கியிருக்கும், அடுத்த மாசம் எழுந்திருக்கும். வயசு மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. உங்களுக்கு மாதவிலக்கை வெச்சும் சொல்ல முடியாது. ரத்தம்தான் கதி, அதுவும் திரும்பத் திரும்ப."

அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வெளியே போனாலும் நிலைகொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அலமாரியை அடுக்கப் போவாள். அலமாரியைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைத் துடைப்பாள். பால் பொங்கி வழியும். ஒரு நிமிடம் அனல் அடித்தது போல் இருந்தால் மனம் துள்ளும். பார்த்தால் வெயிலில் நின்றிருப்பாள். கணவர் பக்கத்து அறையில் படுக்க ஆரம்பித்தார். கேட்டால் முதுகுவலி என்றார்.

போன் வந்தபோது அவள் பயிற்சி வண்டியில் இருந்தாள். ஓட்டிக்கொண்டிருந்தவள் பார்லர்க்காரி. டாக்டரின் பெயரைத் திரையில் பார்த்ததும் "ஓரங்கட்டுங்க" என்றாள்.

"இங்கயா? நடைபாதைப் பக்கமா?"

"எங்கயாவது கட்டுங்க!"

அந்தப் பெண் அன்றைக்கு ஒரு பேச்சுப் பேசாமல், ரிவர்ஸில் வந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே வண்டியைக் கச்சிதமாக நிறுத்தினாள்.

"முழிச்சிருக்கு," என்றார் டாக்டர். "சந்தேகமே இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் வாங்க. பழைய மாத்திரைக்குப் போக முடியாது, கால்ல மறுபடி ரத்தம் கட்டிக்கும். ஸ்கேன்ல இப்போதைக்கு எங்கயும் எதுவும் தெரியல, அதை முதல்ல மனசுல வாங்கிக்கங்க."

"இத்தனை நாளும் வீணாப் போனதுக்கு டாக்டர்?"

"அதை யாராலயும் அளந்து சொல்ல முடியாதும்மா. இனிமே பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகு பார்லர்க்காரி மெல்லக் கேட்டாள். "அக்கா, நான் பருவைப் பத்திச் சொன்னது தப்பா?"

"இல்ல. நீங்க சொன்னதுதான் நல்லது. இறங்குங்க, நான் ஓட்டறேன்." பிறகு யோசித்து, "வேண்டாம், நீங்களே ஓட்டுங்க," என்றாள்.

சாயங்காலம் டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, மாதாமாதம் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி. அது சினைப்பையை அடக்கி வைக்கும். இன்னொன்று, சிறு துளை போட்டு இரண்டையும் எடுத்துவிடுவது.

"எடுத்துடுங்க," என்றார் கணவர், டாக்டர் வாயை மூடுவதற்குள்.

"உங்க வயித்துலயா இருக்கு?" என்று அவள் சீறினாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் ஊசியைத் தேர்ந்தெடுத்தாள். எடுத்துவிட்டால் அது முடிந்தது. ஊசி என்றால் உறங்கத்தானே வைக்கிறார்கள், உள்ளே இருக்கத்தானே போகிறது என்று நினைத்தாள். அனல் திரும்பி வந்தது, விரல்கள் விறைத்தன. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது வேறு. என்றைக்காவது அசந்து நன்றாகத் தூங்கிவிட்டால், எழுந்ததும் நெஞ்சு படபடத்தது. ஏன் தூக்கம் வந்தது? ஏன் விரல் வலிக்கவில்லை? ஊசி பலிக்கவில்லையா? கண்ணாடி முன் நின்று தாடையில் பரு தேடினாள். ஊசி போட்டும் மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முடிவும் அடுத்தது வரும்வரைதான் செல்லுபடியாயிற்று. உடம்பு வலித்தால் நிம்மதி, சுகமாக இருந்தால் பீதி என்று ஒரு பிழைப்பு. மூன்றாவது ஊசிக்குப் போன அன்று அவளே டாக்டரிடம் சொன்னாள்.

"எடுத்துடுங்க டாக்டர். நல்லா இருக்குற நாள்ல நல்லா இருக்கேன்னு சொல்ல எனக்கு ஆசையா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

இந்தத் தடவை கணவர்தான் ஜன்னலைப் பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் கெட்டது ஏதும் இல்லை. அக்கா வந்து இருந்து பார்த்துக்கொண்டு, வீட்டு அலமாரிகளையெல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனாள். காயம் ஆறியபின் எடுத்த ரத்தத்தில், நுணுக்கமான லேபின் தராசிலும் முள் அசையவில்லை.

"இனிமே தூங்குதா முழிச்சிருக்காங்கற கேள்வியே கிடையாது," என்றார் டாக்டர். "மாத்திரை அதோட வேலையைச் செய்யும். வேற ஏதாவது கேக்கணுமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கணவர் எழவில்லை. இத்தனை வருடமாக ஆஸ்பத்திரிக்கு வந்தும், எத்தனை மணிக்கு, எங்கே பணம் கட்டுவது என்பதற்குமேல் அதிகம் கேட்டறியாதவர், தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், அது வந்து... வீட்டுல நாங்க... இவளுக்கு வலிக்காம... அதெல்லாம் இனிமே அவ்வளவுதானா, இல்ல ஏதாவது வழி இருக்கா?"

அவளுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காருங்கம்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேக்காதது உங்க தப்பில்ல, நானா சொல்லாதது என் தப்பு." ஒரு தாளை எடுத்துக்கொண்டார். "வழி இருக்கு. மாத்திரையால வர்ற வறட்சிதான் வலிக்குது, அதுக்கு ஹார்மோன் கலக்காத களிம்பு இருக்கு. கலந்ததை மட்டும் என்னைக் கேக்காம வாங்கிடாதீங்க. பொறுமையும் வேணும். முன்ன மாதிரியே இருக்கும்னு பொய் சொல்லமாட்டேன்."

வெளியே வந்து படியிறங்கும்போது அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பிடித்து நின்றாள். அவர் இரண்டு படி கீழே நின்று காத்திருந்தார்.

"எங்கேயிருந்து வந்துச்சு உங்களுக்கு இந்தத் தைரியம்?"

"காத்தாலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். அப்படியும் கடைசியில உளறிட்டேன்."

"நர்ஸ் வேற இருந்தா."

"அவளுக்கும் வீடு இருக்கும்ல."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தையல் போட்ட இடம் இழுத்தது. "மருந்துக் கடை எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டார். அவள் கையைக் காட்டினாள். "சீட்டை நீங்களே கொடுங்க. நான் வண்டியில இருக்கேன்," என்றாள்.